ஆற்றுப்படுத்துநருக்கும் ஒரு மணி நேரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தற்கொலைச் செய்தி எதை வெளியிட்டாலும் அதன் அடியில் சிறிய எழுத்தில், தற்கொலை எதற்கும் தீர்வாகாது என்ற வரியையும் 104, 14416 ஆகிய உதவி எண்களையும் தாங்கள் தவறாமல் அச்சிட்டு வருகிறீர்கள். பாராட்ட வேண்டிய வழக்கம். ஆனால் அந்த எண்ணை ஒருவர் அழைக்கும்போது மறுமுனையில் எடுத்துப் பேசுபவர் யார், ஒரு நாள் பணியில் எத்தனை பேருடைய துயரத்தைக் கேட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போகிறார், கேட்டதையெல்லாம் எங்கே கொண்டுபோய் இறக்கிவைக்கிறார் என்பது செய்தியிலும் வருவதில்லை, நான் பார்த்த அரசாணைகளிலும் வந்ததில்லை. அந்த மறுமுனையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாக இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

நான் சமூகப்பணியில் 20 ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் கடைசி 11 ஆண்டுகள் தென் மாவட்டம் ஒன்றின் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் ஆற்றுப்படுத்துநர், அதாவது கவுன்சிலர். ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். என்னைப் போன்றவர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறோம்: வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்களில், பெண்களுக்கான 181, குழந்தைகளுக்கான 1098 போன்ற உதவி எண்களில், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசும் நம்பிக்கை மையங்களில், குடிநோய் மறுவாழ்வு இல்லங்களில், மாவட்ட மனநலத் திட்டத்தில், கூர்நோக்கு இல்லங்களில். சிலர் சமூகப்பணி முதுகலையான எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள், சிலர் உளவியல் முதுகலை, வெகு சிலர் பெங்களூருவின் தேசிய மனநல நிறுவனமான நிமான்ஸ் போன்ற இடங்களில் எம்.ஃபில். முடித்தவர்கள். பதவிப் பெயர் வேறு, துறை வேறு, ஊதியம் வரும் கணக்குத் தலைப்பும் வேறு. காலையிலிருந்து மாலை வரை செய்வது மட்டும் ஒன்றுதான்: பிறருக்கு நேர்ந்ததை உட்கார்ந்து கேட்பது.

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளையின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். என் பங்கை மட்டும் மாற்றவில்லை. அன்று காலையில் ஒரு பள்ளி, மதியம் குழந்தைகள் நலக்குழு அமர்வு, அதன் பிறகு மூன்றாவதாக ஒரு சிறுமி. என் கைப்பையில் எப்போதும் கலர் பென்சில் டப்பாவும் வெள்ளைத்தாளும் இருக்கும். வாயால் சொல்ல முடியாததைச் சில பிள்ளைகள் கையால் சொல்லும். அவள் ஒரு வீடு வரைந்தாள். ஓடு, ஜன்னல், பக்கத்தில் ஒரு தென்னை எல்லாம் வரைந்து முடித்த பின், வாசற்கதவை மட்டும் ரப்பரால் அழிக்கத் தொடங்கினாள். தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் தாள் கிழிந்துபோயிற்று. நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நாற்பதுக்குப் பேருந்து. அதை விட்டால் அடுத்தது ஏழே காலுக்கு. "சரி விடு, வேற பேப்பர் எடுத்துக்கோ. என்ன நடந்துச்சுன்னு சீக்கிரம் சொல்லும்மா" என்றேன். அதன் பிறகு அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "குழந்தை ஒத்துழைக்கவில்லை, மற்றோர் அமர்வு தேவை" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டேன். பேருந்தும் கிடைத்தது.

பணிக்கு வந்த புதிதில் இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்காது. அன்றிரவோ இரண்டாம் முறை ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன், படுத்ததும் தூங்கினேன். பழகிவிட்டது, பக்குவம் வந்துவிட்டது என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஆனால் அதே மாதங்களில் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. என் மகளை அவளுடைய சித்தப்பா தூக்கிக் கொஞ்சினால், என் கண் அவருடைய கையையே பின்தொடர்ந்தது. அந்த மனிதர் ஒரு குற்றமும் அறியாதவர். மகளை டியூஷனுக்கு அனுப்பவில்லை, பள்ளி ஆட்டோவை நிறுத்தினேன், பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் பேசக் கூடாது என்றேன். அலுவலகத்தில் எதுவும் உறைக்காமலும் வீட்டில் எல்லாமே உறைத்துக்கொண்டும் ஏறத்தாழ ஒரு வருடம் கழிந்தது.

இதற்குப் பெயர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியாததல்ல. பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதியவள்தான். அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் 'பர்ன் அவுட்' என்ற சொல்லைத் தொழில்சார்ந்த பொருளில் எழுதியதும், கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் அதை அளக்க ஒரு வினாநிரல் உருவாக்கியதும், பிறர் அனுபவித்த கொடுமையை ஓயாமல் கேட்பவரின் உலகப் பார்வையே மாறிப்போவதை மக்கேன், பேர்ல்மன் என்ற இருவர் 1990-இல் விளக்கியதும் எங்கள் பாடத்தில் இருந்தவை. 'பர்ன் அவுட்' என்பதைத் தமிழில் பணிச்சோர்வு என்கிறோம். சோர்வு என்றதும் ஒரு நாள் விடுப்பெடுத்துத் தூங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றுவதால் எனக்கு அந்தச் சொல்லில் முழு திருப்தி இல்லை, இதைவிட நல்லது கிடைக்கும் வரை அதையே எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, பணிச்சோர்வை நோயாகக் கொள்ளவில்லை; பணியிடத்தில் நாட்பட்டுத் தீராமல் கிடக்கும் அழுத்தத்தால் விளையும் நிகழ்வு என்றே கொள்கிறது. சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சலும் அவநம்பிக்கையும் வருவது, திறன் குன்றுவது என்று மூன்று அடையாளங்களையும் சொல்கிறது. அதில் 'பணியிடத்தில்' என்ற சொல்லைத்தான் நான் அடிக்கோடிட விரும்புகிறேன். பணியிடத்தில் விளைவதைப் பணியாளர் தன் வீட்டு மாடியில் பாய் விரித்து மூச்சுப்பயிற்சி செய்து தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

எங்கள் பணியில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் வெளியாகக் கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் கூறுகின்றன. சிகிச்சை பெறுபவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. மிகச் சரியான சட்டங்கள். ஒரு வங்கி ஊழியரோ ஆசிரியரோ வேலையில் மனம் நொந்தால் மாலையில் கணவரிடமோ மனைவியிடமோ தோழியிடமோ கொட்டித் தீர்த்துக்கொள்ளலாம், எங்களால் முடியாது. சின்ன ஊர். பெயரைச் சொல்லாமல் தெருவைச் சொன்னாலே போதும், யாரென்று தெரிந்துவிடும். ஆகவே வீட்டுக் கதவும் மூடியிருக்கிறது, நட்பின் கதவும் மூடியிருக்கிறது. இரண்டையும் மூடிய சட்டமும் துறையும் மூன்றாவதாக ஒரு கதவைத் திறந்துவைத்திருக்க வேண்டாமா? முறைப்படி பயிற்சி பெற்ற மூத்தவர் ஒருவரிடம், அதே ரகசியக் கடப்பாட்டுக்கு உட்பட்டு, பெயர் சொல்லாமல், தன் வேலையைப் பற்றி மனம் திறந்து பேசும் இடம். உலகில் இந்தத் தொழில் வேரூன்றிய இடங்களிலெல்லாம் அந்தக் கதவுக்கு 'சூப்பர்விஷன்' என்று பெயர்.

அந்தச் சொல்லை ஆங்கில ஒலியிலேயே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அகராதியைப் பார்த்து 'மேற்பார்வை' என்று எழுதினால், எங்கள் அலுவலகங்களில் அதற்கு உள்ள அர்த்தமே வேறு. மேற்பார்வை என்றால் ஆய்வுக்கு வரும் அதிகாரி, வருகைப் பதிவேடு, மாதாந்திர ரிவ்யூ மீட்டிங். அந்தக் கூட்டத்தில் புதிய வழக்கு, தொடர் வழக்கு, முடித்தவை, நிலுவை என்று நான்கு கட்டங்கள் திரையில் வரும். நிலுவை ஏன் கூடியிருக்கிறது என்று கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான், அரசுப் பணத்தில் நடக்கும் வேலைக்குக் கணக்கு இல்லாமல் முடியாது. ஆனால் முடித்தவை என்ற கட்டத்தில் இருக்கும் ஒரு வழக்கில் நான் என்ன செய்தேன், என்ன செய்யத் தவறினேன், அது என்னை என்ன செய்தது என்று 11 ஆண்டுகளில் ஒருவரும் கேட்டதில்லை. சமூகப்பணியில் சூப்பர்விஷனுக்கு மூன்று வேலைகள் உண்டு என்று ஆல்ஃபிரட் கடுஷின் 1976-இல் வகுத்தார்: நிர்வகிப்பது, கற்பிப்பது, தாங்கிப்பிடிப்பது. நம்மிடம் முதலாவது மட்டும் தழைத்திருக்கிறது. மற்ற இரண்டும் கல்லூரி வாசலோடு நின்றுவிட்டன.

கல்லூரி வாசலோடு என்று சொன்னது பேச்சுக்காக அல்ல. தமிழ்நாட்டில் முறைசார்ந்த சமூகப்பணிக் கல்வி, 1952-இல் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே களப்பணியை அடித்தளமாகக் கொண்டது. எம்.எஸ்.டபிள்யூ. மாணவர் வாரத்தில் இரண்டு நாள் களத்துக்குப் போக வேண்டும். போய்வந்ததை அறிக்கையாக எழுத வேண்டும். ஒவ்வொரு வாரமும் களப்பணி ஆசிரியர் தனியே உட்காரவைத்து அதைப் படித்துக்காட்டச் சொல்லிப் பேச வேண்டும். என் ஆசிரியை பச்சை மையில் ஓரத்தில் எழுதுவார். "அந்த அம்மா அழுதார் என்கிறாய். நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" அந்தக் காலத்தில் அந்தப் பச்சை மையைக் கண்டாலே பயம். இருபத்திரண்டு வயதுப் பெண், முதியோர் இல்லத்தில் பல்லாங்குழி ஆடிவிட்டு வருவதற்கு வாரம் ஒரு மணி நேரம் வழிகாட்டல். அதே பெண் வேலைக்குச் சேர்ந்து, வன்கொடுமைக்கு ஆளான குழந்தையின் எதிரே தனியாக உட்காரும்போது ஆண்டுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. இந்த முரணை நான் பேசிய எந்த அதிகாரியும் மறுக்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நான் இரண்டாம் ஆண்டு மாணவி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜனவரியில் எங்களை அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் தற்காலிகக் குடியிருப்புகளுக்கு அழைத்துப்போனார்கள். பகலெல்லாம் மக்கள் சொல்வதைக் கேட்பது, பட்டியல் எடுப்பது, குழந்தைகளை விளையாடவைப்பது. இரவு தங்கியிருந்த பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், சாப்பிட்ட கை காய்வதற்குள் ஆசிரியை எங்களை வட்டமாக உட்காரவைப்பார். ஒவ்வொருவரும் அன்று பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். "ஒண்ணும் இல்ல மேடம்" என்று சொல்கிறவரைக் கடைசியில் தனியாக அழைத்துப்போய்ப் பேசிவிட்டுத்தான் படுக்க விடுவார். என் வகுப்புத் தோழன் ஒருவன் மூன்று நாளாக ஒற்றைச் செருப்பைப் பற்றி மட்டும் பேசினான். நான்காம் நாள்தான் அது எதனருகே கிடந்தது என்று சொன்னான். அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு தாழ்வாரமும், கேட்கத் தெரிந்த ஒருவரும், அன்றாடம் ஒதுக்கிய அந்த நேரமும்தான். பேரிடர்க்காலத்தில் இயல்பாகத் தோன்றிய அந்த ஏற்பாடு, பேரிடர் தினந்தோறும் ஒவ்வொன்றாக வந்து எதிரே உட்காரும் எங்கள் அலுவலகத்தில் ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

மேலே சொன்ன கிழிந்த தாளுக்குத் திரும்புகிறேன். அந்த ஒரு வருடத்தில் நான் அலுவலகத்தில் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டேன்: நாங்களும் யாரிடமாவது பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்று. "நீங்களே கவுன்சிலர். உங்களுக்கே கவுன்சிலிங்கா?" என்று அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே வியந்துதான் கேட்டார். அடுத்த மாதம் என் கோரிக்கைக்குப் பதிலாகவோ தற்செயலாகவோ ஒரு நாள் மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி நடந்தது. காலையில் குத்துவிளக்கு, பிறகு திரையில் படங்கள், பலூன் ஊதும் விளையாட்டு, மதியம் வெஜிடபிள் பிரியாணி, மாலையில் கருத்துப் படிவம். பயிற்சி நடத்தியவர் நல்லவர், கலகலப்பாகப் பேசினார். அந்த நாளுக்கான நிலுவைக் கோப்புகள் மறுநாள் என் மேஜையில் இருந்தன.

கடைசியில் நானே என் பழைய ஆசிரியையைத் தேடித் தொலைபேசியில் அழைத்தேன். அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன் மேடம் என்றேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியாகப் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றிப் பெயர் சொல்லாமல் சொல் என்றார். கதவை அழித்த கதையைச் சொன்னேன்.

"தாள் கிழியறப்போ நீ எங்க பாத்துக்கிட்டிருந்த?"

"கடிகாரத்தை."

"கிழிஞ்ச தாளை என்ன செஞ்ச?"

"ஃபைல்ல வெச்சிருக்கேன், மேடம்."

"அதைப் பத்தி அவகிட்ட கேட்டியா?"

கேட்கவில்லை. வேறு தாளை எடுத்துக்கொள்ளச் சொன்னதாகச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அவ உங்கிட்ட சொல்லிட்டாம்மா. நீ கேக்கல. ஏன் கேக்கலன்னு பாப்போம்" என்றார். அந்த 'பாப்போம்' என்ற சொல்லில் குற்றச்சாட்டு இல்லை. நான் முக்கால் மணி நேரம் பேசினேன். சித்தப்பாவின் கையைப் பற்றியும் பேசினேன். அதில் ஒரு பகுதி உன் வேலையைப் பற்றியது, அதை நாம் பேசுவோம். இன்னொரு பகுதி உன் வீட்டையும் உன் பயத்தையும் பற்றியது, அதற்கு நீ ஒரு சிகிச்சையாளரிடம் போக வேண்டும் என்று பிரித்துச் சொல்லி, மதுரையில் ஒருவரிடம் என்னை அனுப்பினார். ஆறு அமர்வுகள் போனேன், என் சொந்தச் செலவில். சூப்பர்விஷன் வேறு, ஆற்றுப்படுத்துநருக்கான சொந்தச் சிகிச்சை வேறு. இரண்டும் தேவைப்படும், ஒன்றை வைத்து மற்றொன்றை ஈடுகட்ட முடியாது என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும் விட அந்தத் தொலைபேசி அழைப்பு தெளிவாகச் சொல்லித்தந்தது. அடுத்த அமர்வில் அந்தக் கிழிந்த தாளையே அந்தச் சிறுமியின் முன் வைத்தேன். அதற்குப் பிறகு நடந்தது அவளுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது.

இப்போது நாங்கள் ஆறு பேர், வெவ்வேறு துறைகளைச் சேர்ந்தவர்கள், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை ஒரு நூலகத்தின் பின்னறையில் கூடுகிறோம். செல்பேசி வெளியே. பெயர், ஊர், சாதி, பள்ளி எதுவும் சொல்லக் கூடாது. ஒருவர் ஒரு வழக்கைச் சொல்ல, மற்றவர்கள் முதல் பத்து நிமிடம் அறிவுரை எதுவும் கூறாமல் கேட்க மட்டும் வேண்டும். இதில் எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. லண்டனில் மைக்கேல் பாலிண்ட் 1950களில் பொது மருத்துவர்களை வட்டமாக உட்காரவைத்து நடத்திய குழுக்களின் எளிய வடிவம்தான். செலவு ஆறு டீ. ஆனால் இதை ஒரு வெற்றிக்கதையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. போன ஆண்டு ஒரு சனிக்கிழமை, ஒருவர் பேச்சைத் தொடங்கியதுமே இருவர் உடைந்துவிட்டார்கள். தாங்கிப்பிடிக்கும் நிலையில் எங்களில் எவரும் இல்லை. ஒரே கிணற்றில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் தோளில் ஏற்றிக்கொள்ளலாம், கரையில் கயிறு பிடிக்க ஒருவர் வேண்டும்.

ஆகவே கேட்பது இதுதான். அரசுத் திட்டங்களில் பணியாற்றும் ஒவ்வோர் ஆற்றுப்படுத்துநருக்கும், மனநல சமூகப்பணியாளருக்கும், உதவி எண் பணியாளருக்கும் மாதத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேர சூப்பர்விஷன் பணி நேரத்துக்குள்ளேயே, பணியின் ஒரு பகுதியாக அமைய வேண்டும். இந்த ஒன்றரை மணி நேரம் நானாகப் பிடித்துக்கொண்ட எண் அல்ல; பிரிட்டனில் ஆலோசகர்கள், உளசிகிச்சையாளர்களுக்கான சங்கமான பி.ஏ.சி.பி. தன் அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்களுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவு. அங்கே நிலை வேறு, இங்கே வேறு என்பார்கள். வேறுதான்: அங்கே ஒருவர் ஒரு நாளில் பார்ப்பவர்களை விட இங்கே நாங்கள் அதிகம் பேரைப் பார்க்கிறோம்.

சூப்பர்விஷன் தருபவர் எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்திடும் அதிகாரியாக இருக்கக் கூடாது. இதை நான் எல்லாவற்றுக்கும் மேலான நிபந்தனையாகக் கருதுகிறேன். மார்ச் மாதத்தில் என் பணியைத் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்பவரிடம், பிப்ரவரியில் போய் நான் ஒரு குழந்தையின் முன் கடிகாரத்தைப் பார்த்தேன் என்று எந்தப் பைத்தியக்காரி சொல்வாள்? சொல்லும் விஷயம் பணி மதிப்பீட்டில் சேராது என்ற உறுதி எழுத்தில் வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் மூடி மறைக்கும் இடமாகவும் அது ஆகிவிடக் கூடாது. ஆற்றுப்படுத்துநரே ஒரு குழந்தைக்குத் தீங்கு செய்கிறார் என்று தெரிந்தால் சூப்பர்வைசர் அதை மேலே தெரிவித்தாக வேண்டும், அந்த வரம்பை முதல் நாளே இருவரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஆள் எங்கே என்ற கேள்வி உடனே வரும். ஒரு மாவட்டத்தில் எல்லாத் துறைகளையும் சேர்த்து எங்களைப் போன்றவர்கள் இருபத்தைந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் கொண்ட ஐந்து குழுக்கள், குழுவுக்கு மாதம் இரண்டு மணி நேரம்: மொத்தம் பத்து மணி நேரம். தகுதியுள்ள ஒருவர் மாதத்தில் இரண்டு நாள் வந்தால் முடிந்துவிடும் வேலை. தனியே பேச வேண்டியவர்களுக்கு இன்னும் அரை நாள். மாநிலமெங்கும் சமூகப்பணிக் கல்லூரிகளில் களப்பணி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பலர் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794 முதல் இருக்கிறது. தேசியத் தொலைபேசி மனநலச் சேவையான 14416, 2022 அக்டோபரில் தொடங்கியதிலிருந்து நிமான்ஸின் வழிகாட்டுதலில் நடக்கிறது. ஆள் இல்லாமல் இல்லை. இவர்களைப் பட்டியலிட்டு, கௌரவமான மதிப்பூதியம் கொடுத்து, பயணப்படி கொடுத்து உட்காரவைக்கும் ஓர் அரசாணைதான் இல்லை. காவல் துறையினரின் மனநலத்துக்காக நிமான்ஸோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியை இதே தமிழ்நாடு அரசு நடத்தியிருக்கிறது. அதே காவல் நிலையத்திலிருந்து, அதே வழக்கில், அதே இரவில் அழைத்துவரப்பட்ட குழந்தையோடு விடியும் வரை உட்கார்ந்திருப்பவருக்கு அதில் பாதியாவது கேட்பது அதிகமாகுமா?

உதவி எண் மையங்களுக்கு மாதக் கணக்கு போதாது. லண்டனில் சாட் வாரா 1953-இல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பில், தொலைபேசியில் பேசிய தன்னார்வலர் தன் முறை முடிந்ததும் அன்றைய பொறுப்பாளரிடம் கேட்டதைச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும் வழக்கம் உண்டு. பத்து நிமிட வேலை. சம்பளம் வாங்கும் எங்கள் பணியாளருக்கு அந்தப் பத்து நிமிடத்தைப் பணி நேரத்தில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறைக்காரர் ஹெட்ஃபோனுக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்பார், இவர் எழுந்து போய்விடுவார்.

சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைச் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், உளவியலாளர்களையும் மருத்துவ, மனநல சமூகப்பணியாளர்களையும் எச்.ஐ.வி. ஆற்றுப்படுத்துநர்களையும் தன் அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இத்தனை காலம் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்றிருந்த துறைக்கு அது நல்ல செய்தி. தொழிலில் தொடர்வதற்கான நிபந்தனைகளை வகுக்கும்போது, பெற்ற பட்டத்தோடு ஆண்டுதோறும் பெற்ற சூப்பர்விஷன் மணிநேரத்தையும் அதில் சேர்க்கச் சொல்லி, தொழில்முறைச் சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும்.

செலவு என்று தயங்குபவர்களுக்கு, இப்போது ஆகிக்கொண்டிருக்கும் செலவைச் சொல்கிறேன். கடந்த ஐந்து ஆண்டுகளில் எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒன்பது ஆற்றுப்படுத்துநர்களில் ஐவர் விலகிவிட்டார்கள். ஒருத்தி பி.எட். முடித்துத் தனியார் பள்ளிக்குப் போய்விட்டாள். ஒருத்தி கணவரோடு துணிக்கடையில் கல்லாவில் இருக்கிறாள், என்னைக் கண்டால் சந்தோஷமாகச் சேலையை விரித்துக் காட்டுகிறாள், பழைய வேலையைப் பற்றி ஒரு சொல் கேட்பதில்லை. இவர்கள் போன இடத்துக்குப் புதியவர் வருவதற்குச் சில மாதங்கள். போக்சோ வழக்கைக் கூடுமானவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தின் 35ஆம் பிரிவு சொன்னாலும், நடைமுறையில் இழுக்கும் வழக்குகளில் ஒரே குழந்தை மூன்று ஆற்றுப்படுத்துநர்களைப் பார்த்துவிடுகிறது. முதலாமவரிடம் வாய் திறக்க அதற்கு நான்கு மாதம் ஆகியிருக்கும். இரண்டாமவர் வந்து, "உன் பேர் என்னம்மா?" என்று தொடங்குவார். மூன்றாமவர் வரும்போது அந்தப் பிள்ளை தானாகவே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும், மனப்பாடச் செய்யுள் போல, முகத்தில் எதுவும் இல்லாமல். நீதிமன்றத்தில் அந்த ஒப்புவித்தலைக் கேட்டுவிட்டு, சொல்லிக்கொடுத்துச் சொல்கிறது என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வாதிடுவார்.

எங்கள் பதவிப் பெயரான ஆற்றுப்படுத்துநர் என்பதில் ஆறு என்றால் வழி. பழைய ஆற்றுப்படைகளில், வள்ளலிடம் போய்ப் பசி தீர்ந்து பரிசிலோடு திரும்பி வருகிறவன்தான், எதிரே வறுமையில் வருபவனுக்கு வழி சொல்கிறான்; அவனும் பட்டினியாக நின்று சொல்வதாக எந்தப் புலவரும் பாடவில்லை. பெயர் வைத்தவர்கள் அந்த மரபை அறிந்தே வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் மாவட்டத்தையும் விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஒப்பந்தம் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிப்பதற்கான கோப்பு இப்போது மேலே போயிருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் ஆற்றுப்படுத்துநர்,
தென் தமிழ்நாடு.